உங்களுக்குத் தெரியுமா? ட்ரெண்டைத் துரத்தும் ஈவென்ட்காரர்களுக்கு ஒரு குவியல் ஆச்சரியம்!

"போன வாரம் அந்த மண்டபத்துல பார்த்ததே வேணாம் சார். புதுசா ஏதாவது காட்டுங்க!" இப்படிக் கேட்காத பார்ட்டி உண்டா? ஈவென்ட் மேனேஜ்மென்ட் தொழிலில் இருந்தால் தினமும் காதில் விழும் கேள்வி இது. இதற்காகவே தோண்டித் துருவினோம். கிடைத்ததோ புதையல்! புது ட்ரெண்ட் எதுவும் கல்யாண மண்டபத்துக்குள் பிறப்பதில்லை. கார் கம்பெனியில் பிறக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பிறக்கிறது. அரண்மனையில், கோயில் வீதியில், கண்காட்சியில் பிறக்கிறது. நம்பிக்கை வரவில்லையா? பிடியுங்கள், ஒவ்வொன்றாக!

பிறந்தது எங்கோ, ஜொலிப்பது இங்கே!

அழைப்பிதழில், நுழைவு பாஸில், மெனு கார்டில் எங்கே பார்த்தாலும் க்யூஆர் கோடுதானே? அது ஜப்பானில் கார் உதிரிபாகங்களை எண்ணுவதற்காக உருவானது! டென்சோ வேவ் நிறுவனத்தின் மசாஹிரோ ஹாராவும் அவர் குழுவும் கொண்டுவந்தது. வருடம் 1994!

அந்தக் கோடு மொய் வாங்கவும் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்யாண வீட்டார் அழைப்பிதழிலேயே க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். வர முடியாத சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்தே மொய் செய்தார்கள்!

பிறந்தநாள் பலூனைக் கண்டுபிடித்தவர் யார்? மின்சார மேதை மைக்கேல் ஃபாரடே! ஹைட்ரஜன் வாயுவை அடைத்து ஆராய்ச்சி செய்ய 1824-ல் லண்டனில் ரப்பர் பலூன் செய்தார். உள்ளே ஒட்டிக்கொள்ளாமலிருக்க அவர் தூவியது வெறும் மாவு!

பலூனை மிதக்கவிடும் ஹீலியம் கதை இதைவிட ஜோர். பூமியில் அப்படியொரு வாயு இருப்பது யாருக்கும் தெரியாத காலம். 1868 ஆகஸ்ட் 18, முழு சூரிய கிரகணம். பிரெஞ்சு விஞ்ஞானி ஜான்சென் சூரிய ஒளியில் அதன் மஞ்சள் கோட்டைப் பார்த்தார். எங்கிருந்து? அன்றைய சென்னை மாகாணத்து குண்டூரிலிருந்து!

விசேஷ வீட்டு வாசலில் மினுங்கும் சீரியல் செட்டுக்கு வயது என்ன? எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் நியூயார்க்கில் தன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தில் முதன்முதலாக மின்விளக்குகளைச் சுற்றினார். அது 1882. மொத்தம் 80 பல்புகள்!

ரிசப்ஷன் மேடைக்குப் பின்னால் பிரமாண்டமாக நிற்கும் எல்இடி வாலுக்குப் பின்னால் ஒரு நோபல் பரிசு இருக்கிறது! சிவப்பும் பச்சையும் எப்போதோ வந்துவிட்டன. நீலம் மட்டும் பல வருடம் தண்ணி காட்டியது. அதைச் சாதித்த அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல்!

ஸ்டேஜ் லைட்டாக ஒரு காலத்தில் வெளிச்சம் தந்தது எது தெரியுமா? சுண்ணாம்பு! சுண்ணாம்புக் கட்டியைச் சூடேற்றினால் கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி. லண்டன் கோவன்ட் கார்டன் தியேட்டரில் அது மேடையேறிய வருடம் 1837!

மணமக்கள் மேகத்தின் மேல் நடக்கிறார்கள், பார்த்திருக்கிறீர்கள்தானே? சூட்சுமம் ட்ரை ஐஸ். மெஷினில் தண்ணீரைச் சூடாக்குவார்கள். ஐஸ் இருக்கும் கூடையை மெல்ல உள்ளே இறக்குவார்கள். குபுகுபுவென்று கிளம்பும் வெள்ளைப் புகை மேலே ஏறாது. பட்டுப் புடவையின் கரையை மட்டும் தொட்டுக்கொண்டு தரையோடு தவழும். அந்த ஐஸை வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்துவிடும். அதன் குளிர்ச்சி மைனஸ் 78.5 டிகிரி!

டெக்கரேட்டர்கள் "சியாவரி சேர் போட்டுடலாம்" என்கிறார்களே, அது ஒரு இத்தாலிய ஊரின் பெயர்! சியாவரி ஊர்த் தச்சர் டெஸ்கால்சி 1807-ல் செய்த நாற்காலி அது. 200 வருடம் தாண்டியும் இன்னும் ட்ரெண்டிலேயே இருக்கிறது!

ஃபோட்டோ பூத் இல்லாத ரிசப்ஷன் உண்டா? நியூயார்க் பிராட்வேயில் அனடோல் ஜோசபோ அதைத் திறந்தது 1925-ல். 25 சென்ட் போட்டால் 8 படம். ஜனம் வரிசைகட்டி நின்றது. முதல் 6 மாதத்தில் படம் எடுத்துக்கொண்டவர்கள் 2,80,000 பேர்!

சொச்சத்தையும் கேளுங்கள். இரண்டே வருடத்தில் அந்த இயந்திரத்தின் உரிமை கைமாறியது. விலை 10 லட்சம் டாலர். அதுவும் 1927-ல்!

இறந்த பாடகர் மேடையில் தோன்றினார்! 1996-ல் மறைந்த டூபாக் 2012-ல் கோச்செல்லா விழாவில் பாடினார். உலகமே வாய்பிளந்தது. அந்த வித்தையின் அடிப்படை ஒரு சாய்வான கண்ணாடி. 1862-ல் லண்டனில் ஜான் பெப்பர் இதை வைத்துப் பேய் காட்டிவிட்டார். 150 வருடப் பழைய புதுமை!

வானமே மேடை!

வாணவேடிக்கைக்குப் போட்டியாக ட்ரோன் ஷோ! 2015-ல் இன்டெல் நிறுவனம் ஜெர்மனியில் ஒரே நேரத்தில் பறக்கவிட்டது 100 ட்ரோன். அன்றைக்கு அதுவே உலக சாதனை!

மூன்றே வருடம். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவில் 1,218 ட்ரோன்! இதிலும் ஒரு ரகசியம் உண்டு. உலகம் டிவியில் பார்த்தது முன்கூட்டியே எடுத்து வைத்த பதிவு!

டெல்லியும் சளைக்கவில்லை. 2022 ஜனவரி 29, பாசறை திரும்பும் விழா. ஐஐடி டெல்லியில் முளைத்த ஸ்டார்ட்-அப் ஒன்று வானத்தில் ஏற்றியது 1,000 ட்ரோன்!

எண்ணிக்கை அத்தோடு நின்றதா? 2024-ல் சீனாவின் ஷென்சென் நகரம் கின்னஸ் ஏறியது. பறந்தவை 10,197 ட்ரோன்!

வானம் போதாதென்று கட்டடமே திரையாகிவிட்டது. லாஸ் வேகாஸில் 2023-ல் திறந்த ஸ்ஃபியர் அரங்கின் வெளிப்பக்கம் முழுக்க எல்இடி. பரப்பு 5,80,000 சதுர அடி!

அரண்மனைக் கல்யாணம், அகில உலக ட்ரெண்ட்!

கிறிஸ்தவத் திருமணம் என்றாலே வெள்ளை கவுன்தானே? அதைப் பெரிய மோகமாக்கிய மணப்பெண் விக்டோரியா மகாராணி! கல்யாணத் தேதி 1840 பிப்ரவரி 10!

அதே கல்யாணத்தில் கேக் வெட்டினார்கள். எடை ஏறக்குறைய 136 கிலோ! அதன் ஒரு துண்டு பத்திரமாக இருந்து 2016-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. வயது 176!

லட்சக்கணக்கானோர் கூடும் மியூனிக்கின் அக்டோபர்ஃபெஸ்ட் உண்மையில் ஒரு கல்யாண ரிசப்ஷன்! பவேரிய இளவரசர் லுட்விக்கின் திருமணத்தை ஊரே கொண்டாடியது. அடுத்த வருடமும் நடத்தலாமே என்றார்கள். ஆரம்பித்தது 1810-ல். இன்னும் முடியவில்லை!

மோனாலிசா வரைந்த லியொனார்டோ டாவின்சி நம் தொழிலின் சீனியர்! 1490-ல் மிலான் அரண்மனை விழாவுக்கு கிரகங்கள் சுழலும் மேடை அமைத்தார். 1515-ல் பிரெஞ்சு மன்னரை வரவேற்க இயந்திரச் சிங்கம் செய்தார். சிங்கம் நடந்து வந்து மார்பைத் திறந்தது. உள்ளே லில்லி மலர்கள்!

இந்தக் காலத்துக்கு வருவோம். 2024 மார்ச், ஜாம்நகர், அம்பானி வீட்டுக் கல்யாணத்தின் முன்வைபவம். விருந்தினர் விமானங்கள் நேரே வந்து இறங்க, அந்த ஊர் ஏர்போர்ட்டுக்கே சர்வதேச அந்தஸ்து தந்தார்கள். எத்தனை நாளைக்கு? சரியாக 10 நாள்!

நம்ம ஊர் கெத்து!

தேதியை மாற்றினால் கூட்டம் பெருகும். இந்த ஃபார்முலா யாருடையது? திருமலை நாயக்கருடையது! மாசியில் நடந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்கு மாற்றினார். அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு இணைத்தார். 17-ஆம் நூற்றாண்டு முடிவு அது. மதுரை இன்றும் அதே காலண்டரில் குலுங்குகிறது!

மெரினா கடற்கரையில் கம்பரும் அவ்வையும் கண்ணகியும் நிற்பது எதனால்? ஒரு ஈவென்ட்டால்! 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்காக வைத்த சிலைகள் அவை. மாநாடு முடிந்தது, சிலைகள் நிலைத்தன. மொத்தம் 10!

டிசம்பர் சீசனின் தலைவாசல் மியூசிக் அகாடமி. அதன் வேர் ஓர் அரசியல் மாநாட்டில்! 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-ல் அகாடமி!

சென்னைப் புத்தகக் காட்சி இன்று 900 ஸ்டால் அளவுக்கு விரிகிறது. 1977-ல் அண்ணா சாலைப் பள்ளி வளாகத்தில் முதல் காட்சி நடந்தபோது இருந்த ஸ்டால்கள் வெறும் 22!

2019 அக்டோபர், மாமல்லபுரம். சீன அதிபர் வருகிறார். ஐந்து ரதங்களின் வாசலில் பிரமாண்ட தோரணவாயில். பிளாஸ்டிக் பூ இல்லை, தெர்மாகோல் இல்லை. தூண் முதல் உச்சி வரை காயும் கனியும்தான். தோட்டக்கலைத் துறை அடுக்கியவை 18 வகை!

2022 செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்கவேண்டியது. மார்ச்சில் மாமல்லபுரத்துக்கு வந்தது. ஜூலை 28-ல் தொடக்க விழா. நடுவில் இருந்தது நாலே மாதம்! வந்து குவிந்த நாடுகள் 180-க்கும் மேல்!

அதற்கு டெக்கரேஷன் எப்படி? நேப்பியர் பாலத்தையே செஸ் போர்டாக வரைந்துவிட்டார்கள்! வேட்டி கட்டிய குதிரை 'தம்பி' ஊரெல்லாம் வணக்கம் வைத்தான். ஜனம் பாலத்துக்கே வந்து செல்ஃபி எடுத்தது. இதைவிடப் பெரிய ஃபோட்டோ பூத் எங்கே இருக்கிறது?

ஒலிம்பியாட் வரலாற்றிலேயே முதல் ஜோதி ஓட்டமும் இதற்குத்தான். ஜோதி சுற்றி வந்த நகரங்கள் 75!

2023-ல் ஜி20 தலைவர்கள் டெல்லி பாரத மண்டபத்தில் கூடினார்கள். முகப்பில் நின்று வரவேற்றவர் யார்? சுவாமிமலை ஸ்தபதிகள் வார்த்த நடராஜர்! உயரம் 27 அடி. எடை 18 டன்!

மெட்டாவெர்ஸ் கல்யாணம் எங்கே நடந்தது? மும்பை இல்லை, பெங்களூரு இல்லை. கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கிராமத்து ஜோடி! 2022 பிப்ரவரி 6 அன்று ரிசப்ஷனை ஹாரி பாட்டர் பாணிக் கோட்டையில் இணையத்திலேயே நடத்தினார்கள். மணப்பெண்ணின் மறைந்துபோன அப்பா உருவமாக வந்து வாழ்த்தினார். இந்தியாவின் முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்று!

மண்டபமே வேண்டாம், ஆகாயத்தில் தாலி! 2021 மே மாதம் மதுரை ஜோடி ஒன்று வாடகை விமானத்தில் மணம் முடித்தது. கூட ஏறிய சொந்தபந்தம் சுமார் 160 பேர். கொரோனா கட்டுப்பாட்டுக் காலம் அது. விமானம் இறங்கியதும் விசாரணையும் ஏறியது!

புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்து மொய் விருந்தைப் பார்த்திருக்கிறீர்களா? ஆடி பிறந்தால் களைகட்டும். பலர் சேர்ந்து ஒரே பந்தல், ஒரே கறிவிருந்து. மொய் எழுத நோட்டுக்கு பதில் லேப்டாப் வந்தாச்சு. ரசீது அச்சாகிக் கையில் விழுகிறது!

கண்காட்சிக்குப் போனால் கண் திறக்கும்!

உலகின் மூத்த கண்காட்சிகளில் ஒன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் சந்தை. அங்கே வரும் வியாபாரிகளுக்குப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தார். அந்த உத்தரவின் வருடம் 1240!

1851 லண்டன் மாபெரும் கண்காட்சிக்குக் கண்ணாடி மாளிகை எழுப்பியவர் இன்ஜினீயர் இல்லை. தோட்டக்காரராகத் தொடங்கிய ஜோசப் பாக்ஸ்டன்! பார்க்க வந்தவர்கள் 60 லட்சம்!

அங்கேதான் கட்டணக் கழிப்பறையும் பிரபலமானது. ஒரு பென்னி கொடுத்துப் பயன்படுத்தியவர்களின் கணக்கைக் கறாராக எழுதி வைத்திருக்கிறார்கள். 8,27,280 பேர்!

பொருட்காட்சி ராட்சத ராட்டினத்தின் மூதாதை 1893 சிகாகோ கண்காட்சியில் நின்றது. ஈஃபில் கோபுரத்தை அசத்த ஒன்று வேண்டும் என்று பிறந்தது. உயரம் 264 அடி. ஒரே சுற்றில் ஏறக்கூடியவர்கள் 2,160 பேர்!

எலக்ட்ரானிக்ஸ் உலகமே காத்திருக்கும் சிஇஎஸ் 1967-ல் நியூயார்க்கில் தொடங்கியபோது வந்தவர்கள் 17,500. 2025-ல் லாஸ் வேகாஸில் திரண்டவர்கள் 1,40,000-க்கும் மேல்!

சான் டியேகோ காமிக்-கான்? 1970-ல் நடந்த ஒருநாள் கூட்டத்துக்கு வந்தவர்கள் 145 பேர். இப்போது ஒரு லட்சத்து முப்பதாயிரத்தைத் தாண்டுகிறது. காஸ்ட்யூம் பார்ட்டி யோசனை வேண்டுமா? அங்கே பாருங்கள்!

மாநாடுகளை ஊருக்கு இழுத்து வர ஓர் அலுவலகம் தேவை என்று முதலில் எழுதியவர் டெட்ராய்ட் பத்திரிகைக்காரர். எழுதிய கையோடு அலுவலகமும் திறந்தாயிற்று. வருடம் 1896!

பூ அலங்காரத்தின் உலகத் தலைநகர் நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர். அங்கே ஏலம் தலைகீழ்! விலை உச்சியில் ஆரம்பித்து இறங்கிக்கொண்டே வரும். முதலில் பட்டனைத் தட்டியவருக்குப் பூ. அந்த ஏலக் கட்டடத்தின் பரப்பு 5 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல்!

நம் மதுரை மல்லியும் சும்மா இல்லை. 2013-லேயே புவிசார் குறியீடு!

மைக் டெஸ்டிங்!

டெட் மேடையில் யார் ஏறினாலும் பேச 18 நிமிடம்தான்! முதல் டெட் 1984-ல் நடந்தது. அங்கே காட்டிய அதிசயங்களில் ஒன்று சிடி!

அதையும் சுருக்கிவிட்டார்கள் டோக்கியோவில். 2003-ல் பிறந்தது பெச்சா குச்சா. 20 படம், படத்துக்கு 20 விநாடி. பேச்சு முடிய 6 நிமிடம் 40 விநாடி!

கார்ப்பரேட் மீட்டிங்கின் உயிர்நாடி பவர்பாயின்ட் முதலில் வந்தது ஆப்பிள் கம்ப்யூட்டருக்கு! அதே 1987-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிப்போட்டது. விலை 1.4 கோடி டாலர்!

காதில் ஹெட்ஃபோன் மாட்டி உடனுக்குடன் மொழிபெயர்ப்பு கேட்பது 1945-ன் நியூரம்பெர்க் விசாரணையில் பேசப்பட்டது. ஒரே நேரத்தில் 4 மொழி!

மனிதருக்கு பதில் இப்போது ஏஐ. 2023 டிசம்பரில் காசி தமிழ்ச் சங்கமத்தில் பிரதமர் இந்தியில் பேசினார். பாஷினி என்ற ஏஐ கருவி அதை அப்போதே தமிழில் சொன்னது. அந்தத் தொழில்நுட்பம் பிரதமரின் மேடையில் ஏறியது அதுவே முதல் முறை!

கூட்டம் கூடும் மந்திரம்!

உலகின் முதல் ஹேஷ்டேக் எதற்கு? ஒரு ஈவென்ட்டுக்கு! 2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா ட்விட்டரில் முன்வைத்த சொல் பார்கேம்ப். அது தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடும் நிகழ்ச்சியின் பெயர்!

ஃப்ளாஷ் மாப் தொடங்கிய இடம் நியூயார்க் மேசிஸ் கடை. 2003 ஜூனில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் திடீரென்று ஒரு தரைவிரிப்பைச் சூழ்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கலைந்தும் போனார்கள். கடைக்காரர்கள் திகைத்தார்கள்!

கிளாஸ்டன்பரி இசை விழா 1970-ல் தொடங்கியபோது டிக்கெட் ஒரு பவுண்டு. கூடவே இலவசப் பால்! வந்தவர்கள் சுமார் 1,500 பேர். வரவேற்புப் பானத்துக்கு இதைவிட எளிமை உண்டா?

1993 சூப்பர் பவுல் இடைவேளை. மைக்கேல் ஜாக்சன் மேடையில் தோன்றினார். ஆடவில்லை, பாடவில்லை, சிலையாக நின்றார். ஸ்டேடியம் அலறியது. நின்ற நேரம் ஏறக்குறைய 90 விநாடி!

பச்சையே இப்போ பகட்டு!

சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் நிகழ்ச்சி நடத்த உலகத் தரச்சான்றே உண்டு. பெயர் ஐஎஸ்ஓ 20121. லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி 2012-ல் வந்தது. பெரிய கம்பெனி டெண்டர் பிடிக்க ஆசையா? இந்த எண்ணை மனப்பாடம் செய்யுங்கள்!

2022 கத்தார் உலகக் கோப்பைக்கு கன்டெய்னர்களை அடுக்கி ஸ்டேடியம் கட்டினார்கள். கழற்றி எடுத்துவிடலாம்! எத்தனை கன்டெய்னர்? 974. கத்தாரின் தொலைபேசிக் குறியீடும் 974!

டோக்கியோ ஒலிம்பிக்கின் 5,000 பதக்கங்களும் மக்கள் தந்த பழைய மின்னணுப் பொருட்களில் இருந்து! அதில் செல்போன் மட்டும் 62 லட்சம்!

கோல்ட்ப்ளே கச்சேரியில் ரசிகர்கள் குதித்தால் மின்சாரம் வரும்! தரையே அப்படி. கையில் மின்னும் பட்டை செடிப் பொருளால் ஆனது. முந்தைய ஸ்டேடியம் பயணத்தைவிடக் கார்பன் குறைந்தது 59 சதவீதம் என்று 2024-ல் அறிவித்தார்கள்!

நம் தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதலே தடை போட்டுவிட்டது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் 14 வகை! பந்தி விரிப்பு, ஸ்ட்ரா, தெர்மாகோல் தட்டு எல்லாம் அவுட். வாழை இலைக்கு மறுபடி ராஜயோகம்!

கண்ணை மூடிப் பின்பற்றாதீர்கள்!

பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் பார்ட்டி அமெரிக்காவில் 2008 வாக்கில் கிளம்பியது. 2020-ல் கலிஃபோர்னியாவில் அதற்காகக் கொளுத்திய வண்ணப்புகை காட்டுத்தீ ஆனது. ஒரு தீயணைப்பு வீரர் உயிரிழந்தார். எரிந்தது 22,000 ஏக்கருக்கும் மேல்!

நம் நாட்டில் அந்த பார்ட்டிக்கு ஆர்டரே எடுக்காதீர்கள். கருவின் பாலினத்தை வெளியிடுவது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்!

2017 ஃபைர் ஃபெஸ்டிவல் நினைவிருக்கிறதா? பிரபலங்கள் இன்ஸ்டாகிராமில் வெறும் ஆரஞ்சுக் கட்டம் போட்டார்கள். டிக்கெட் பறந்தது. பஹாமாஸ் தீவில் சொகுசு வில்லா என்றார்கள். போய் இறங்கினால் பேரிடர்க் கூடாரம், சீஸ் சாண்ட்விச்! அமைப்பாளருக்கு 6 வருடச் சிறை!

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஸ்பீக்கர் கூடாது. 2000-ஆம் ஆண்டு விதி அது. அதற்கும் ஒரு ட்ரெண்ட் வந்தது: சைலன்ட் டிஸ்கோ! நூற்றுக்கணக்கானோர் ஆடுகிறார்கள், சத்தம் ஹெட்ஃபோனுக்குள் மட்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி நிம்மதியாகத் தூங்கலாம்!

புதுசு எப்போ வரும்?

நிறத்துக்குக்கூட வருடாந்தர அறிவிப்பு உண்டு! பான்டோன் நிறுவனம் 2000-க்கு அறிவித்த முதல் நிறம் வானநீலம். 2025-க்கு மோக்கா மூஸ். அடுத்த வருட நிறம் டிசம்பரிலேயே வந்துவிடும். மேடைத் துணி எடுப்பதற்கு முன் ஒரு பார்வை பாருங்கள்!

தொழில் ஒரே மாதத்தில் தலைகீழாகும். 2020 பிப்ரவரியில் லட்சம் பேர் கூடவேண்டிய பார்சிலோனா மொபைல் மாநாடு ரத்து. அதே வருடம் ஏப்ரலில் ஜூம் மீட்டிங்கில் தினசரிப் பங்கேற்பு 30 கோடி. நாலே மாதம் முன்பு அது 1 கோடி!

2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழா ஸ்டேடியத்தையே கைவிட்டது. சேன் நதியில் 6 கிலோமீட்டர் ஊர்வலம். மிதந்து வந்த படகுகள் 85!

கடைசியாக எங்கள் சேகரிப்பின் வைரம்! ஒலிம்பிக் நிறைவு விழாவில் எல்லா நாட்டு வீரர்களும் கலந்து நடந்து வருகிறார்களே, அந்த யோசனை எந்தக் கம்பெனியுடையதும் இல்லை. 1956 மெல்போர்னில் ஜான் இயன் விங் என்ற இளைஞர் அமைப்பாளர்களுக்கு ஒரு கடிதம் போட்டார். அமைப்பாளர்கள் படித்தார்கள், அப்படியே செய்தார்கள், உலகம் இன்றும் பின்பற்றுகிறது. அதனால் ஆபீஸுக்கு வரும் சின்னப் பையன் யோசனை சொன்னாலும் காதுகொடுங்கள். அந்த இளைஞரின் வயது 17!